வெளிநாட்டுக்கு பார்சல் அனுப்பணுமா? அண்ணாச்சி பதில்கள்

தீபாவளி நெருங்குதுல்லா, அதான் வந்த கேள்வியில பாதிக்கு மேல பார்சல் கேள்வியாவே இருக்கு. தபால் கவுண்டர்ல உக்காந்து ஃபாரம் வாங்கி முத்திர குத்தின ஆளுங்கறதால எனக்கும் இது பிடிச்ச சப்ஜெக்ட், அதனால இந்த வாரம் பூரா இதுக்கே குடுத்துட்டேன். பேரு வேண்டாம்னு நெறய பேரு கேட்டதால ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: எம் மவன் துபாய்ல இருக்கான் அண்ணாச்சி. வீட்டுல வறுத்து மில்லுல குடுத்து அரைச்ச கறிமசால் பொடி, மல்லிப்பொடி, கொஞ்சம் இடிசாம்பார் பொடி அனுப்பலாம்னு இருக்கேன். பொடிக்கெல்லாம் தடையே இல்லன்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாங்க, நம்பி அனுப்பலாமா?
– வாசகி, கடையநல்லூர்

மல்லிப்பொடியும் சாம்பார் பொடியும் பிரச்சன இல்ல தாயி. கறிமசால்ல கசகசா சேத்திருக்கியளா, அத மொதல்ல சொல்லுங்க. நம்ம பக்கம் கசகசா இல்லாம கறிமசால் வறுக்கவே மாட்டாங்க, குருமாவுக்கும் அதான். ஆனா துபாய், அபுதாபி எல்லாம் இருக்க யுஏஇ-ல கசகசா தடை செஞ்ச பொருளு, சவுதியிலயும் அப்படித்தான், சிங்கப்பூர்லயும் அப்படித்தான். அது ஓப்பியம் செடியோட வித, அதனால அங்கன அத பலசரக்கு கணக்குல பாக்க மாட்டாங்க, போதப்பொருள் கணக்குலதான் பாப்பாங்க. கொஞ்சூண்டுதான இருக்குன்னு விடமாட்டாங்க, பார்சல் மேல யாரு பேரு இருக்கோ அந்தப் புள்ளையத்தான் கூப்பிட்டு விசாரிப்பாங்க. நாம ஆசையா அனுப்புன பொடிக்கு அவன் போலீசுக்கு பதில் சொல்லிக்கிட்டு நிக்கணுமா சொல்லுங்க.

அதனால கசகசா இல்லாம தனியா வறுங்க. கொழம்பு கெட்டியா வரணும்னா அவன் அங்கனயே முந்திரிப்பருப்பு, பொட்டுக்கடல அரைச்சு ஊத்திக்கிடுவான். இன்னொண்ணு, மில்லுக்காரர்கிட்ட சொல்லி மெஷின நல்லா தொடச்சிட்டு, சும்மா மல்லிய ஒரு கை போட்டு ஓட்டி எடுத்த பொறவு உங்க சரக்க போடச் சொல்லுங்க, ஏன்னா உங்களுக்கு முன்ன அரைச்சவங்க கசகசா போட்டிருந்தா அது உங்க பொடியிலயும் ஒட்டிக்கிட்டு வரும். பொடிய சும்மா பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதிய, ஒவ்வொரு பாக்கெட்டுலயும் என்ன பொடி, உள்ள என்னெல்லாம் சேந்திருக்குன்னு இங்கிலீஷ்ல எழுதி ஒட்டுங்க, பேரில்லாத பொடின்னா எந்த ஊரு கஸ்டம்ஸ்காரனுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அட்ரஸ்ல அவன் கம்பெனியோட பிஓ பாக்ஸ் நம்பரும் மொபைல் நம்பரும் கட்டாயம் இருக்கணும், கல்ஃப்ல வீட்டு நம்பர் தெரு பேர மட்டும் வச்சுக்கிட்டு தபால்காரர் வர மாட்டாரு.

மவன் மாத்திர மருந்து ஏதும் கேட்டாம்னா டாக்டர் சீட்டு இல்லாம வைக்காதிய. கோடின் கலந்த இருமல் மருந்து, டிராமடால் வலி மாத்திர இதெல்லாம் அங்கன கடும் கட்டுப்பாட்டுல இருக்கு.

கேள்வி: மவ நியூ ஜெர்சில இருக்கா. அல்வா, முறுக்கு, முந்திரிக்கொத்து, கூடவே கொஞ்சம் கருவேப்பில, வீட்டு அரிசி ரெண்டு கிலோ அனுப்பணும். அமெரிக்காவுக்கு தபால் எடுக்கதே இல்லன்னு ஒருத்தர் சொல்லுதாரு, வரி பாதிக்கு பாதின்னு இன்னொருத்தர் சொல்லுதாரு. எது நெசம்?
– வாசகர், பாளையங்கோட்டை

ரெண்டு பேரு சொன்னதுலயும் கொஞ்சம் நெசம் இருக்கு, பழைய நெசம். முன்னெல்லாம் அமெரிக்காவுக்கு 800 டாலர் வரைக்கும் உள்ள சரக்குக்கு வரி கெடையாது, அத 2025 ஆகஸ்ட் 29-ல இருந்து அவங்க நிறுத்திட்டாங்க. வரிய யாரு வாங்கி எப்படி கட்டணும்னு தெளிவில்லாததால நம்ம தபால் துறையும் ஆகஸ்ட் 25-ல இருந்தே அமெரிக்க பார்சல் புக்கிங்க நிறுத்தி வச்சிருந்தாங்க. பொறவு அக்டோபர் 15-ல இருந்து மறுபடி ஆரம்பிச்சு, அந்த ஊரு வரிய இங்கன புக் பண்ணும்போதே வாங்கிக்கிடுத மாதிரி ஏற்பாடு பண்ணினாங்க. அப்ப 50 சதவீதம் இருந்துச்சு, அதத்தான் பாதிக்கு பாதின்னு சொல்லியிருப்பாரு. வரி விகிதம் அங்க அரசாங்கம் எடுக்குற முடிவ பொறுத்து மாறிக்கிட்டே இருக்குத விஷயம், அதனால புக் பண்ணுத அன்னைக்கு கவுண்டர்ல கேட்டுக்கிடுங்க, போன வருசம் அனுப்பின ஆளு சொல்லுத கணக்க வச்சுக்கிட்டு போவாதிய.

உங்களுக்கு தேவையானது வேற ஒண்ணு. ஒரு ஆளு இன்னொரு ஆளுக்கு அனுப்புத நெசமான கிஃப்ட், மதிப்பு 100 டாலருக்குள்ளன்னா அந்த வரி கெடையாது. 100 டாலர்னா ஒன்பதாயிரம் ரூவா பக்கம் வருது, ஒரு தீபாவளி பலகார பார்சலுக்கு அது தாராளம். ஃபாரத்துல கிஃப்ட்ங்கற கட்டத்துல டிக் பண்ண மறந்துராதிய.

இப்ப சாமான ஒவ்வொண்ணா பாப்போம். முறுக்கும் முந்திரிக்கொத்தும் வீட்டுல சுட்டதுன்னா நல்லது. சாப்பாட்டு சாமான் அமெரிக்காவுக்குள்ள வரணும்னா எஃப்டிஏ-ன்னு அந்த ஊரு உணவு, மருந்து கண்காணிப்பு துறைக்கு முன்கூட்டி தகவல் குடுக்கணும்னு ஒரு சட்டம் இருக்கு, ஆனா ஒருத்தர் தன் வீட்டுல தன் கையால செஞ்சு சொந்தமா கிஃப்டா அனுப்புதத்துக்கு அதுல விலக்கு குடுத்திருக்காங்க. அதனால ஃபாரத்துல வீட்டுல செஞ்ச பலகாரம், கிஃப்ட்னு தெளிவா எழுதுங்க. அல்வா கடையில வாங்குததுன்னா கடை லேபிள் ஒட்டின பாக்கெட்டா வாங்கி, பில்லயும் உள்ள வச்சிருங்க. எத்தன நாள் தாங்கும்னு கடையிலயே கேட்டுட்டு வாங்குங்க, சுடச்சுட எலையில கட்டித் தருவாங்கள்லா அந்த அல்வா வேண்டாம், நெய் கசிஞ்சு அட்டப்பெட்டி பூரா ஊறி மேல ஒட்டின அட்ரஸே அழிஞ்சு போயிரும். மூடி இறுக்கமா உள்ள டப்பாவுல போட்டு, டப்பாவ ரெண்டு பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு டேப் ஒட்டிட்டு, பொறவு பெட்டியில நடுவுல வைங்க, சுத்தி முறுக்கு வைங்க.

கருவேப்பில வேண்டாம். பச்ச கருவேப்பிலைக்கு அங்கன தடை, அதுல இருக்கற ஒரு சின்னப் பூச்சி ஆரஞ்சு, எலுமிச்ச தோட்டத்தையெல்லாம் அழிக்கற நோய பரப்புதுங்கறதுதான் காரணம். அரிசியும் வேண்டாம். கப்ரா வண்டுன்னு தானியத்த அரிக்கற வண்டு ஒண்ணு, அது இருக்கற நாடுகள் லிஸ்ட்ல நாமளும் இருக்கோம், அதனால 2011-ல இருந்து நம்ம ஊரு அரிசி, கொண்டக்கடல எல்லாம் தனி ஆளு தபால்ல அனுப்ப முடியாது. ரெண்டு கிலோ அரிசிக்காவ பலகாரமும் சேந்து மாட்டிக்கிட்டா தீபாவளிக்கு புள்ள கைக்கு ஒண்ணும் போய்ச் சேராது.

கேள்வி: மெல்போர்ன்ல இருக்கற தம்பி புது வீடு கட்டியிருக்கான். அவனுக்கு பத்தமடை பாய் ஒண்ணு, உடன்குடி கருப்பட்டி ஒரு ஓலப்பெட்டி, தூத்துக்குடி மக்ரூன், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அனுப்ப ஆச. கூரியர்ல கேட்டா ஒண்ணரக் கிலோ பாய்க்கு நாலரக் கிலோன்னு துட்டு கேக்காங்க, ஏமாத்துதாங்களா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

ஏமாத்தல அண்ணே. விமானத்துல எடைக்கு மட்டுமில்ல, அடைக்கற இடத்துக்கும் துட்டு. கூரியர்காரங்க நீளம், அகலம், உயரத்த சென்டிமீட்டர்ல அளந்து மூணையும் பெருக்கி 5000-ஆல வகுப்பாங்க, வார கணக்கும் தராசுல வார எடையும் எது கூடவோ அதுக்கு சார்ஜ். உங்க பாய சுருட்டினா 100-க்கு 15-க்கு 15-ன்னு வந்திருக்கும், பெருக்கினா 22,500, வகுத்தா நாலரக் கிலோ. கணக்கு சரியாத்தான் இருக்கு. நீங்க வாங்கினது நைஸ் பட்டுப்பாயின்னா அது துணி மாதிரி மடியும், பத்தமடையில நெஞ்சவங்ககிட்டயே குடுத்து எப்படி மடிக்கணுமோ அப்படி மடிச்சு வாங்கிட்டு வாங்க, செலவு பாதிக்கு மேல குறையும். மடிக்க முடியாத முரட்டுப் பாயின்னா தபால் ஆபீஸ் இஎம்எஸ் ஸ்பீட் போஸ்ட்ல கேட்டுப் பாருங்க, நீளம் ஒண்ணர மீட்டருக்குள்ள இருந்தா பெரும்பாலும் எடுத்துக்கிடுவாங்க, ரெண்டு விலையையும் வச்சுப் பாத்துட்டு முடிவெடுங்க.

ஆனா ஆஸ்திரேலியாங்கறதால எனக்கு கவல துட்டப் பத்தி இல்ல. அந்த ஊருக்காரங்க செடி, வித, மண்ணு, பாலு, முட்ட விஷயத்துல ரொம்ப கண்டிப்பு, நாலு பக்கமும் கடலு இருக்கறதால நம்மகிட்ட இருக்கற பல நோயும் பூச்சியும் அங்கன இன்னும் போவல, அத உள்ள விட்டுரக் கூடாதுன்னு பாக்காங்க, அது ஞாயமும்தான். பால்கோவா கண்டிப்பா வேண்டாம், பால் ஸ்வீட் நம்ம நாட்டுல இருந்து எடுக்க மாட்டாங்க. நெய் ஊத்தின அல்வாவையும் அதே கணக்குலதான் வைக்கணும். மக்ரூன்ல முட்ட வெள்ளக்கரு இருக்கு, அதையும் விட்டுருங்க. கருப்பட்டிய ஓலப்பெட்டியில வைக்காதிய, பெட்டியே பன ஓல, அதுவே செடிப்பொருள்தான், அதனால சாதா பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்துங்க. எறும்பு, தூசி, துரும்பு ஒண்ணும் ஒட்டியிருக்கக் கூடாது. இடைவெளி அடைக்க வைக்கோல் வைக்காதிய, முட்ட அட்ட, பழம் வந்த பெட்டி இதுல எதுலயும் பேக் பண்ணாதிய, அத வச்சே நிறுத்திருவாங்க.

பாயி கோரப்புல்லுல நெஞ்சதுங்கறதால செக் பண்ணுவாங்க. வெயில்ல நல்லா காயப்போட்டு உதறி, ஓரத்துல மண்ணு, பூ, வித ஏதாவது ஒட்டியிருக்கான்னு விரல வச்சு தடவிப் பாத்து சுத்தம் பண்ணிட்டு அனுப்புங்க. ஏதாவது தட்டுப்பட்டா மருந்தடிக்கணும், இல்ல திருப்பி அனுப்பணும், இல்ல அழிக்கணும்னு தம்பிக்கு லெட்டர் போவும், மருந்தடிக்கற செலவு, திருப்பி அனுப்புத செலவு அவன் தலையிலதான். முன்னாடியே தம்பிகிட்ட சொல்லி பிக்கான்னு அவங்க அரசாங்க இணையதளத்துல ஒவ்வொரு சாமான் பேரும் போட்டுத் தேடிப் பாக்கச் சொல்லுங்க, எது வரும் எது வராதுன்னு அதுலயே இருக்கு.

கேள்வி: லண்டன்ல மவளுக்கு கொழந்த பொறந்திருக்கு. கொழந்தைக்கு கவுன், மவளுக்கு சேல, மருமவனுக்கு வேட்டி சட்டை அனுப்பணும். பஜார்ல ஒரு ஏஜென்ட் ‘எல்லாத்தையும் பழைய துணின்னு எழுதி மதிப்பு ஒரு டாலர்னு போட்டுருதேன், வரியே வராது’ங்காரு. போடலாமா?
– வாசகி, சங்கரன்கோவில்

போடவே போடாதிய தாயி. இத நான் எத்தன பேருக்குச் சொன்னாலும் மறுபடி சொல்லுவேன். அந்த ஃபாரம் இருக்குல்லா, சின்ன பாக்கெட்டுக்கு சிஎன் 22, பெரிய பார்சலுக்கு, ஸ்பீட் போஸ்ட்டுக்கு சிஎன் 23, அதுல என்ன எழுதியிருக்கோ அத வச்சுத்தான் அங்கன உள்ளவங்க உங்க பெட்டிய முடிவு பண்ணுதாங்க. 2021-ல இருந்து அந்த விவரம் பெட்டி போறதுக்கு முன்னாலயே கம்ப்யூட்டர் வழியா அந்த நாட்டுக்கு போயிருது. பழைய துணி ஒரு டாலர்னு பேப்பர்ல இருக்கு, பெட்டிய பிரிச்சா ஜரிக சேல மடிப்பு கலையாம விலச்சீட்டோட இருக்குன்னா என்ன நெனைப்பாங்க? அங்கயே நிறுத்தி வச்சு பில்லு கேப்பாங்க, அதுக்குள்ள கொழந்தைக்கு கவுன் பத்தாம போயிரும். பெட்டி தொலஞ்சு போச்சுன்னு வைங்க, நீங்க எழுதின மதிப்ப வச்சுத்தான் ஈட்டுத்தொக பேசுவாங்க, ஒரு டாலர்னு எழுதிட்டு பட்டுச்சேல விலைய எப்படி கேப்பிய?

நேர்மையா எழுதியே வரி இல்லாம அனுப்ப வழி இருக்கு. இங்கிலாந்துக்கு ஒருத்தர் ஒருத்தருக்கு அனுப்புத கிஃப்ட் 39 பவுண்டு வரைக்கும் வாட் வரி கெடையாது, நம்ம கணக்குல 4,500 ரூவா சொச்சம். ஒரே பெட்டியில மூணு பேருக்கு சாமான் இருந்தா, மூணையும் தனித்தனியா கவர்ல சுத்தி, ஒவ்வொண்ணுலயும் பேரு எழுதி, ஃபாரத்துலயும் இன்னாருக்கு இது, விலை இவ்வளவுன்னு தனித்தனி வரியா எழுதினா அந்த 39 ஒவ்வொரு ஆளுக்கும் உண்டு. கவுன் கொழந்த பேருல, சேல மவ பேருல, வேட்டி மருமவன் பேருல. சேல அதுக்கு மேல விலைன்னா அதுக்கு 20 சதவீத வாட்டும், அந்த ஊரு தபால்காரங்க வாங்குத கையாளுத கட்டணமும் மவ கட்ட வேண்டி வரும், அத முன்னாடியே போன்ல சொல்லிருங்க. துணி வாங்கின பில்ல ஒரு காப்பி உள்ள வைங்க. நெய் டின்னு மட்டும் அந்தப் பெட்டியில சேத்துராதிய, கறி, பால் சாமான் நம்ம நாட்டுல இருந்து தபால்ல போவக் கூடாது.

கேள்வி: கனடாவுல மவன் வீட்டுல கணபதி ஹோமம். சூடம், சாம்பிராணி, விபூதி, கொப்பரத் தேங்கா, நல்லெண்ண அனுப்பலாமா?
– வாசகி, வள்ளியூர்

விபூதி, குங்குமம், சாம்பிராணி அனுப்பலாம், கடை பாக்கெட்டு உடைக்காம அப்படியே இருக்கட்டும், பேப்பர்ல மடிச்ச வெள்ளப் பொடின்னா வீணா சந்தேகப்படுவாங்க. சூடம் கூடாது, சட்டுனு தீப்பிடிக்கற பொருள்னு விமான விதியில பேரு போட்டே இருக்கு. தீப்பெட்டியும் அப்படித்தான். கொப்பர கூடாதுன்னா நெறய பேரு நம்ப மாட்டாங்க, ஆனா நெசம், எண்ண நெறஞ்ச காஞ்ச தேங்கா குமிச்சு வச்சா தானா சூடேறி தீப்பிடிக்கும்னு அதையும் அபாயச் சரக்கு லிஸ்ட்ல வச்சிருக்காங்க. எண்ண தபால்ல வேண்டாம், ஒழுகினா அடுத்தவங்க பார்சலையும் கெடுத்துரும். இது எல்லாம் டொராண்டோ பக்கம் நம்ம ஆளு கடையிலயே கிடைக்கும். கனடாவுக்கு கிஃப்ட் மதிப்பு 60 கனடா டாலருக்குள்ள இருந்தா வரி இல்ல.

கேள்வி: ஸ்பீட் போஸ்ட் போட்டு நாளாச்சு, ட்ராக் பண்ணினா சென்னையிலயே நிக்குது. தொலஞ்சு போச்சா?
– வாசகர், திசையன்விளை

அவசரப்பட்டு பயப்படாதிய. நம்ம பக்கம் போடுத பார்சல் பெரும்பாலும் சென்னை ஃபாரின் போஸ்ட் ஆபீசுக்குத்தான் போவும், அங்கன கஸ்டம்ஸ்காரங்க எக்ஸ்ரேல பாத்து விட்ட பொறவுதான் விமானம் ஏறும், பண்டிக நேரம்னா கூட்டம், இழுக்கத்தான் செய்யும். ரசீதுல 13 எழுத்து நம்பர் ஒண்ணு இருக்கும், முன்னால ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, நடுவுல 9 எண்ணு, கடைசில ஐஎன். நாட்ட விட்டு போனப் பொறவு இதே நம்பர அந்த ஊரு தபால் வெப்சைட்ல போடுங்க, நம்ம சைட்ட விட அங்கன சீக்கிரமா தகவல் வரும். கஸ்டம்ஸ்ல நிறுத்தி வச்சிருக்குன்னு வந்தா, சாமான் வாங்குத ஆளுக்கு போனோ மெயிலோ வந்திருக்கும், பாத்து பதில் குடுக்கச் சொல்லுங்க, பாதி பார்சல் திரும்பி வரதுக்கு காரணம் அங்கன உள்ளவங்க அத கவனிக்காததுதான். அசைவே இல்லன்னா ரசீத எடுத்துக்கிட்டு போட்ட ஆபீஸ்லயே எழுத்துல புகார் குடுங்க, நாள் கடத்தாதிய.

கேள்வி: வீட்டுல சுக்கு கருப்பட்டி போட்டு விக்கோம். சிங்கப்பூர்ல இருந்து ஆர்டர் கேக்காங்க. கிஃப்ட்னு போட்டு அனுப்பிரலாமா?
– மகளிர் குழு, சாத்தான்குளம் பக்கம்

துட்டு வாங்கிட்டு அனுப்புதது கிஃப்ட் ஆவாது தாயி, நல்லா வார தொழில சின்ன பொய்யி சொல்லி கெடுத்துக்கிடாதிய. முறையா செய்யுததும் ஒண்ணும் மலைய பெயர்க்குத வேல இல்ல. டிஜிஎஃப்டி-ன்னு நம்ம அரசாங்க வெளிநாட்டு வர்த்தக துறையில ஐஇசின்னு ஏற்றுமதி நம்பர் வாங்கணும், ஆன்லைன்லயே போடலாம், ஃபீஸ் 500 ரூவா. உணவுப் பொருளுங்கறதால எஃப்எஸ்எஸ்ஏஐ-ன்னு நம்ம உணவு பாதுகாப்பு துறையோட பதிவு வேணும். பொறவு தபால் ஆபீஸ்ல டாக் கர் நிர்யாத் கேந்திரான்னு 2022-ல ஆரம்பிச்ச ஏற்றுமதி கவுண்டர் இருக்கு, உங்கள மாதிரி சின்ன ஆளுங்களுக்காவவே, அங்கன போஸ்டல் பில் ஆஃப் எக்ஸ்போர்ட்ங்கற ஏற்றுமதி ஃபாரத்த கம்ப்யூட்டர்லயே போட்டுக்கிடலாம். பாளையங்கோட்டை ஹெட் போஸ்ட் ஆபீஸ்ல போயி கேட்டா உங்களுக்கு பக்கத்துல எங்கன இருக்குன்னு சொல்லுவாங்க. சிங்கப்பூர்ல 400 சிங்கப்பூர் டாலருக்கு மேல மதிப்பு போனா 9 சதவீத ஜிஎஸ்டி உண்டு, வாங்குதவங்க கடையில வச்சு விக்கப் போறவங்கன்னா அவங்க அங்கன உணவு இறக்குமதிக்கு எஸ்எஃப்ஏ-ன்னு அந்த ஊரு உணவுத் துறையில பதிவு பண்ணியிருக்கணும், அத மொதல்லயே கேட்டுருங்க. மொத ஆர்டர சின்னதா அனுப்பிப் பாருங்க, மழக்காலத்துல கருப்பட்டி இளகுமே, காத்துப்புகாத கவர்ல சீல் வைங்க.

கேள்வி: பேரன் மொத பொறந்தநாளுக்கு ஒரு தங்க மோதிரம், கூட கொஞ்சம் டாலர் நோட்டு, துணிக்குள்ள சுருட்டி வச்சு அனுப்பினா தெரியாதுல்லா?
– ஆச்சி, தென்காசி

எக்ஸ்ரேல பளிச்சுன்னு தெரியும் ஆச்சி. பணமும் தங்கமும் சாதா பார்சல்ல வைக்கக் கூடாது, தொலஞ்சா கேக்கவும் முடியாது. துட்ட பேங்க் வழியா போடச் சொல்லுங்க, மோதிரத்த ஊருக்கு வந்துட்டு போற சொந்தக்காரங்க யாராச்சும் கையில பில்லோட குடுத்து விடுங்க.